மாட்டின் சூட்டைப் படம் பிடிப்பது

(கறவை மாடுகளின் வெப்ப அயர்ச்சியை அளப்பது பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திரையில் இரண்டு படங்கள் தெரிகின்றன. ஒரே மாடு, ஒரே கட்டுத்தறி. இடப்பக்கத்தில் இருப்பது மார்கழி விடியலில் எடுத்தது. வலப்பக்கத்தில் இருப்பது சித்திரை மாதத்து உச்சிப்பொழுது. இரண்டிலும் மாடு ஒரே மாதிரிதான் தகதகக்கிறது. மார்கழிப் படத்தை மட்டும் காட்டி, "பாருங்கள், மாடு எப்படித் துடிக்கிறது" என்று நான் சொல்லியிருந்தால் இந்த அவையில் பாதிப் பேர் உச்சுக்கொட்டியிருப்பீர்கள்.

இது கருவியின் குணம். வெப்பப் படக்கருவியைத் தானியங்கி நிலையில் விட்டால், சட்டகத்துக்குள் எது அதிகச் சூடோ அதற்குச் சிவப்பையும் வெள்ளையையும், எது குறைவோ அதற்கு நீலத்தையும் கருப்பையும் அதுவே பங்குபோட்டுவிடும். மார்கழி விடியலில் பின்னால் இருந்த சுவர் குளிர்ந்திருந்தது. மாட்டுக்கு முதலிடம் கிடைத்தது. பத்திரிகைகளில் கோடைதோறும் வரும் சிவந்த படங்களை நான் அவ்வளவாக நம்பாததற்குக் காரணம் இதுதான். ஓரத்தில் வண்ண அளவுகோலும் அதன் இரு முனைகளில் எண்களும் இல்லாத வெப்பப் படம் அலங்காரத்துக்குத்தான் ஆகும். மாணவர்கள் ஆய்வேட்டில் படம் வைக்கும்போது எல்லாப் படங்களுக்கும் ஒரே கீழ் எல்லை, ஒரே மேல் எல்லை என்று பூட்டிவிட்டு எடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிதான் இன்றைய பேச்சு. படக்கருவி மாட்டின் தோலை அளக்கிறது; சரியாகச் சொன்னால் தோலுக்கு மேல் இருக்கும் மயிரை. வெப்ப அயர்ச்சியோ உள்ளே பிறக்கும் வெப்பத்துக்கும் வெளியேறும் வெப்பத்துக்கும் நடுவே விழும் துண்டு. அந்தத் துண்டைத் தோலைப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றையும் கேட்ட பிறகே ஊகிக்கலாம்.

முதலில் வரவைப் பார்ப்போம். மாட்டுக் கொட்டகைகளுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கும் பொறியாளர்களிடம் ஒரு சமன்பாடு இருக்கிறது. மாட்டின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 5.6ஆல் பெருக்கு, அதோடு கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 22 வாட் சேர், சினை மாடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டு. நம் ஊரில் 400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவைப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 720 வாட். 600 கிலோ எடையோடு 30 லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் என்றால் 1,340 வாட்டுக்கு அருகே வரும். வயிற்றுக்குள் அணையாத அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கும் பிராணி இது. அசையூண் இரைப்பையில் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சோளத்தட்டையும் நொதிக்கவைக்கும்போது எழும் வெப்பமும் இந்தக் கணக்கில் அடங்கும். அந்த இரைப்பையின் சூடு உடல் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

செலவுக்கு நான்கு வழிகள். கதிர்வீச்சாகப் போகலாம், காற்றோடு போகலாம், படுத்திருக்கும் தரைக்குப் போகலாம், நீராவியாகப் போகலாம். முதல் மூன்றும் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் திறந்திருக்கும். மாட்டின் தோல் வசதியான சூழலில் 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். காற்றும் 35ஐத் தொட்டுவிட்டால் மூன்று கதவுகளும் கிட்டத்தட்டச் சாத்திக்கொள்ளும். மிஞ்சுவது வியர்வையும் மூச்சும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் நம் பத்து லிட்டர் பசு தன் 720 வாட்டையும் அந்த ஒரே வழியில் அனுப்ப, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தோலிலும் மூச்சிலும் ஆவியாக்கியாக வேண்டும். வறண்ட காற்றில் இது நடக்கும். கடற்கரை மாவட்டத்துப் புழுக்கத்தில் காற்று அவ்வளவு ஆவியை வாங்கிக்கொள்ளாது.

அதனால்தான் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்த ஒரு குறியீட்டைப் பயன்படுத்துகிறோம். வெப்ப ஈரப்பதக் குறியீடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1959இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் என்பவர் மனிதர்களின் புழுக்கத்தைச் சொல்வதற்காக உருவாக்கியது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல் எப்போது வரும் என்பதற்கான கணக்கு. பிறகு மாட்டுக்கு வந்து சேர்ந்தது. இதில் ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். உள் மாவட்டம் ஒன்றில் 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்று வையுங்கள். குறியீடு 85. கடலோரத்தில் 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 விழுக்காடு. குறியீடு 86. தொலைக்காட்சியில் முதல் ஊர்தான் செய்தியாகும். இரண்டாவது ஊரின் மாடு அதற்குக் குறையாமல் இரைத்துக்கொண்டு நிற்கும்.

இந்தக் குறியீடு 72ஐத் தாண்டினால் அயர்ச்சி தொடங்குகிறது என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68 என்று அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் இறக்கினார்கள். நம் நிலைமையைப் பாருங்கள். கடலோரத்தில் கோடை விடியலில் 28 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் குறியீடு கிட்டத்தட்ட 80. அதாவது நாளின் மிகக் குளிர்ந்த நேரத்திலேயே 72 என்ற பழைய எல்லையை எட்டுப் புள்ளி தாண்டி நிற்கிறோம். 72ஐ அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் பசுக்கள் மாதக்கணக்கில் இருபத்து நான்கு மணி நேரமும் அயர்ச்சியில் இருப்பதாக அறிக்கை எழுதலாம். எழுதவும் செய்கிறார்கள். எட்டு லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்புக்கும், முப்பத்தைந்து லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் ஒரே கோடு போடுவது எனக்கு உடன்பாடில்லை. குறியீட்டுக்கு வெயில் தெரியாது, காற்று வீசுவது தெரியாது, எந்த மாடு என்பதும் தெரியாது. மாட்டையே கேட்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் படக்கருவியைத் தேடிப் போனதன் நியாயம் இங்கே இருக்கிறது.

கருவியின் வரலாறு சுவையானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ஹெர்ஷல் 1800இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கும் அப்பால் எதுவும் தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கே சூடு ஏறியது. அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1840இல், கரி பூசிய தாளைச் சாராயத்தில் நனைத்து, அது ஆங்காங்கே வேறுபட்டு உலர்வதை வைத்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தைப் படமாக்கினார். முதல் வெப்பப் படம் அதுதான். இன்று கையில் அடங்கும் கருவிக்குள் இருக்கும் உணரி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளைப் பிடிக்கிறது. 35 டிகிரியில் இருக்கும் தோலின் கதிர்வீச்சு 9.4 மைக்ரோமீட்டர் அருகே உச்சத்தில் இருப்பதால் மாட்டுக்கு இது பொருத்தமான சாளரம். தோலும் மயிரும் நல்ல உமிழிகள், உமிழ்திறன் 0.95க்கும் 0.98க்கும் இடையில் என்று எடுத்துக்கொள்கிறோம்.

விற்பனையாளர் கொடுக்கும் விவரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உணர்நுட்பம்: 0.05 டிகிரி வேறுபாட்டைக்கூடக் காட்டும். இன்னொன்று துல்லியம்: கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி. முதல் எண் பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாவது கடைசிப் பக்கத்தில். ஒரே படத்துக்குள் இந்தக் காம்புக்கும் அந்தக் காம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி நுட்பமாகச் சொல்லும். ஆனால் "இந்தத் தோல் 36.2 டிகிரி" என்று தனியாகச் சொல்லும்போது அது 34.2ஆகவும் இருக்கலாம், 38.2ஆகவும் இருக்கலாம். பசுவின் ஆசனவாய் வெப்பம் இயல்பில் 38.5 அளவில் இருக்கும், 39.2, 39.3க்குப் போனால் கவலைப்படுகிறோம். நாம் தேடும் மாற்றம் முக்கால் டிகிரி, கருவியின் தடுமாற்றம் 2 டிகிரி. கொரோனாக் காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி, ஏசி காரிலிருந்து இறங்கியவருக்கு ஒரு கணக்கும் வெயிலில் நடந்து வந்தவருக்கு வேறொரு கணக்கும் சொன்னது நினைவிருக்கும். ஆய்வுக்கூடங்களில் இதைச் சரிசெய்யச் சட்டகத்துக்குள்ளேயே வெப்பநிலை தெரிந்த ஒரு கருந்தகட்டை வைத்துவிடுவார்கள். பண்ணையில் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை.

இப்படிப்பட்ட கருவி மடிநோயில் ஏன் நன்றாக உதவுகிறது, வெப்ப அயர்ச்சியில் ஏன் தடுமாறுகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கேள்வி. மடியின் நான்கு கால்பகுதிகளில் ஒன்றில் அழற்சி வந்தால் அந்தப் பகுதித் தோல் மற்ற மூன்றைவிட ஒரு டிகிரி அளவுக்கோ அதற்கு மேலோ சூடேறுகிறது. பெங்களூரில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையத்தார் கலப்பினப் பசுக்களின் மடியை இவ்வகையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஒப்பீடு படத்துக்குள்ளேயே இருக்கிறது. வெயில், காற்று, தூரம், கருவியின் பிழை எல்லாம் நான்கு கால்பகுதிகளையும் ஒரே மாதிரி பாதிப்பதால் கழித்துப் பார்க்கும்போது அடிபட்டுப் போகின்றன. வெப்ப அயர்ச்சியில் அந்த வசதி கிடையாது. முழு மாடும் சூடாகிறது. ஒப்பிடுவதற்கென்று சூடாகாத ஒரு பாகத்தை அது நமக்கு விட்டுவைப்பதில்லை.

இடத்தை வைத்துத் தப்பிக்கலாமா என்று பார்த்தார்கள். நெற்றி, மூக்கு, காதடி, விலா, மடி, குளம்புக்கு மேற்பகுதி, வாலடி என்று மாட்டில் படம் எடுக்காத இடமில்லை. இவற்றில் மதிப்புப் பெற்றது கண். கண்ணின் உள்மூலையிலும் கீழ் இமை ஓரத்திலும் மயிர் இல்லை, சாணம் ஒட்டுவதில்லை, தோலுக்கு அடியிலேயே ரத்த ஓட்டம் இருக்கிறது. கனடாவின் லாகோம் ஆய்வு நிலையத்தில் கன்றுகளுக்கு வைரஸ் தொற்றை ஏற்படுத்திப் பார்த்தபோது, வெளிப்படையான நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே கண்ணின் வெப்பம் ஏறத் தொடங்கியதைப் பதிவுசெய்தார்கள். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பிறகு எல்லாரும் கண்ணுக்கே போனார்கள். ஆனால் கண்ணும் முழு நம்பிக்கைக்கு உரியது அல்ல. பயந்தாலும் வலித்தாலும் அங்கே ரத்த ஓட்டம் மாறும். அறிமுகமில்லாத ஆள் ஒரு மீட்டர் தூரத்தில் கறுப்புப் பெட்டியை முகத்துக்கு நேரே நீட்டினால் எந்த மாடு நிதானமாக நிற்கும்? கண் வெப்பத்துக்கும் ஆசனவாய் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு ஆய்வில் நெருக்கமாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

விலாவும் நெற்றியும் சுற்றுப்புறத்தைத்தான் அதிகம் பிரதிபலிக்கும். கருப்பும் வெள்ளையுமான ஹோல்ஸ்டீன் மாட்டை வெயிலில் நிறுத்தி எடுத்தால் படத்தில் அந்தத் திட்டுகளை அப்படியே காணலாம். கருப்பு மயிர் வெயிலை வாங்கிச் சூடாகியிருக்கும். அது மாட்டின் உள்நிலையைப் பற்றிய செய்தி ஆகாது. அதனால் நிழலில் சற்று நேரம் நின்ற பிறகே எடுக்க வேண்டும். விலாவில் மட்டும் ஒரு சுவாரசியம் உண்டு. அசையூண் இரைப்பை இடப்பக்கம் இருப்பதால், தீவனம் தின்ற சில மணி நேரத்தில் இடவிலா வலவிலாவைவிடச் சூடாகத் தெரியும். இங்கே மறுபடியும் ஒப்பீடு படத்துக்குள் வந்துவிடுகிறது, கவனியுங்கள். கோடையில் அடர்தீவனத்தையும் தட்டையையும் காலை பத்து மணிக்கு வைத்தால் நொதித்தலின் சூடு உச்சி வெயிலோடு சேர்ந்துகொள்ளும். அதிகாலையிலும் இரவிலும் வையுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் உள்ள உடலியல் அவ்வளவுதான்.

ஈரம் இன்னும் பெரிய ஏமாற்று. நனைந்த மாடு படத்தில் நீலமாகத் தெரியும். தண்ணீர் தெளித்ததும் சிவப்பு மறைந்து நீலம் பரவுவதைத் திரையில் காட்டினால் பண்ணை முதலாளிக்கு மகிழ்ச்சி. தெளிப்பான் விற்றவருக்கு அதைவிட மகிழ்ச்சி. ஆனால் மூடிய கொட்டகைக்குள் பனிப்புகை போல நுண்துளி தெளித்துக்கொண்டே இருந்தால் காற்றின் ஈரம் ஏறி, மாட்டுக்கு எஞ்சியிருந்த ஒரே வழியும் அடைபடும். மயிர்நுனி மட்டும் நனைந்து தோல் நனையாமல் விட்டால், மயிருக்குள் சிக்கிய காற்று போர்வையாகிவிடும். அந்த நிலையிலும் படம் நீலமாகத்தான் இருக்கும். இஸ்ரேலியர்கள் 1980களில் செப்பம் செய்த முறை வேறு: அரை நிமிடம் தோல் வரை நனை, அடுத்த நாலரை நிமிடம் பெரிய விசிறியால் உலர்த்து, மறுபடி நனை, இப்படி அரை மணி, முக்கால் மணி, நாளில் பல முறை. தண்ணீரைவிட விசிறிதான் அதில் முக்கியம். நம் கடலோர ஊர்களில் விசிறி இல்லாத தெளிப்பானை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. தோல் சூடாகத் தெரிவது சில நேரம் நல்ல செய்தி. உள்ளே சூடு ஏறினால் மாடு தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியே தள்ளும். தோல் 34இலிருந்து 36க்குப் போனதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். மாடு சமாளிக்கிறது என்றும் இருக்கலாம், சமாளிக்க முடியாமல் தேங்குகிறது என்றும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பக்கத்தில் மூச்சைப் பார்க்க வேண்டும். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் போதும். வசதியாக இருக்கும் பசு நிமிடத்துக்கு 50க்குள் மூச்சு விடும். 60ஐத் தாண்டினால் சூடு அதைத் தொட்டுவிட்டது. 80, 90 என்று போய், வாயைத் திறந்து, எச்சில் கயிறாகத் தொங்கினால் கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்த எச்சிலிலும் இழப்பு இருக்கிறது. அசையூண் இரைப்பையின் புளிப்பைத் தணிக்க வேண்டிய பைகார்பனேட் தரையில் சிந்துகிறது. கோடையில் பாலின் கொழுப்புச் சத்து குறைந்து பால் சொசைட்டியில் விலை குறைவதன் வேர்களில் அதுவும் ஒன்று.

"அப்படியானால் மூச்சை எண்ணினால் போதுமே, இவ்வளவு விலை கொடுத்துக் கருவி எதற்கு?" என்று பால் உற்பத்தியாளர் நண்பர் ஒருவர் தேநீர் வேளையில் கேட்டார். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவருக்கு என் பதில்: தேவையில்லை. கருவியின் இடம் வேறு. நூற்றுக்கணக்கில் மாடுகள் உள்ள பண்ணையில் தண்ணீர்த் தொட்டியின் மேலோ கறவைக் கூடத்தின் வாசலிலோ அதைப் பொருத்திவிட்டால், மாடு தானாக வந்து நிற்கும். தூரம் மாறாது, கோணம் மாறாது, ஆள் தேவையில்லை. ஒவ்வொரு மாட்டின் கண்ணையும் அதே மாட்டின் நேற்றைய கண்ணோடு ஒப்பிடலாம். மடியின் கால்பகுதிகள் தந்த வசதியை இங்கே நாட்கள் தருகின்றன.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான படங்கள் பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எடுக்கப்படுகின்றன. படம் எடுப்பவருக்கு வசதி, படமும் அழகாக வரும். ஆனால் அந்த நேரத்தில் காற்றும் தோலும் ஒரே வெப்பநிலைக்கு அருகே வந்துவிடுவதால் மாட்டுக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடே மங்கிப்போகும். மேலும், மாட்டின் உள்வெப்பம் வெயிலோடு கூடவே உச்சத்துக்குப் போவதில்லை. சில மணி நேரம் பிந்தித்தான் போகும். வெயில் தாழ்ந்து, நமக்கெல்லாம் அப்பாடா என்று இருக்கும்போதுதான் மாட்டின் உள்ளே சூடு ஏறி நிற்கும். அந்தச் சூட்டை அது இரவில் இறக்க வேண்டும். இரவு குளிர்ந்தால் காலையில் கணக்கு நேராகிவிடும். குளிராவிட்டால் மீதியைச் சுமந்துகொண்டு மறுநாள் தொடங்கும்.

ஆகவே சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். வெயில் இல்லை, காற்று அடங்கியிருக்கும், மாடு படுத்து அசைபோட்டு எழுந்திருக்கும், மயிர் உலர்ந்திருக்கும். கறவைக்கு முன் கண்ணை ஒரு படம். அந்த விடியல் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் மாடு கடன்படுகிறது. பால் உடனே குறையாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஆய்வில், பாலின் அளவு அன்றைய வெப்ப ஈரப்பதத்தைவிட இரண்டு நாள் முந்தைய வெப்ப ஈரப்பதத்தோடு அதிகம் பொருந்தியது. 2003இல் வெளிவந்தது. சொசைட்டியில் அளவு குறைந்த அன்றைக்குக் காரணம் தேடுகிறவர் இரண்டு நாள் தாமதமாகத் தேடுகிறார். "தீனி குறைந்தது, அதனால் பால் குறைந்தது" என்று சொல்வதும் பாதி உண்மைதான். அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் சூட்டில் நின்ற மாடு எவ்வளவு தின்றதோ அதே அளவை மட்டும் குளிர்ச்சியில் நின்ற மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பாலும் குறைந்தது. ஆனால் சூட்டில் நின்ற மாட்டின் இழப்பில் பாதியைக்கூட அது எட்டவில்லை. மீதி இழப்பு உடலின் வளர்சிதை மாற்றமே திசைமாறுவதால் வருகிறது. தவிட்டையும் பிண்ணாக்கையும் கூட்டி வைத்து அதை மீட்க முடியாது.

நாட்டு மாடுகளைப் பற்றிக் கேட்பீர்கள். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம் எல்லாம் வெயிலைத் தாங்குவது உண்மை. குட்டை மயிர், நிறைய வியர்வைச் சுரப்பிகள், குறைந்த வளர்சிதை வெப்பம். ஆனால் தாங்குவதில் ஒரு பங்கு, அவை குறைவாகக் கறப்பதால் வருவது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 22 வாட் என்ற கணக்கு எல்லா இனத்தையும் தொடரும். இன ஒப்பீட்டுக்கு வெப்பப் படத்தை மட்டும் நம்புவதும் சரியில்லை. மயிரின் நீளம் வேறு, நிறம் வேறு.

இனி, இங்கே பெரும்பாலோருக்கு உடனே உதவக்கூடிய ஒன்று. ஒரு வட்டாரத்துக்கு ஒரு வெப்பப் படக்கருவி கிடைத்தால் அதை முதலில் மாட்டின் மேல் திருப்பாதீர்கள். கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாட்டின் தோலில் 2 டிகிரிப் பிழை கணக்கையே கவிழ்த்துவிடும். தாழ்ந்த சிமெண்ட் சீட்டு 55 டிகிரியில் இருக்கும்போது 2 டிகிரியால் எதுவும் மாறாது. கெல்வினில் அளந்த சூட்டின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீச்சு கூடும் என்பது ஸ்டீபன் 1879இல் சொன்ன விதி. 55 டிகிரியில் இருக்கும் சீட்டு ஒரு சதுர மீட்டருக்கு 656 வாட் கீழே அனுப்பும். கீற்று வேய்ந்து 37 டிகிரியில் இருக்கும் கூரை 524 வாட். வித்தியாசம் 130 வாட்டுக்கு மேல். மாட்டின் முதுகில் ஒரு சதுர மீட்டர் மேல்நோக்கி இருக்கிறது, தலைக்கு மேல் முழுக்கவும் அந்தச் சீட்டுதான் என்று வைத்துக்கொண்டால், கூரையின் அந்த வித்தியாசம் மட்டுமே ஆறு லிட்டர் பால் சுரக்கும்போது எழும் வெப்பத்தை மாட்டின் மேல் ஏற்றுகிறது. பாலே இல்லாமல்.

இதைப் படமாகக் காட்டும்போது நான் கண்ட விளைவு வேறு எதிலும் கண்டதில்லை. மாட்டின் சிவப்பைப் பார்த்து "பாவம்" என்பவர்கள், கூரையின் சிவப்பைப் பார்த்ததும் ஏணி எங்கே என்று கேட்கிறார்கள். சீட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம், பழைய கீற்றைப் பரப்பலாம், தென்னை ஓலையால் அடியில் இன்னொரு தட்டி கட்டலாம். புதிதாகக் கட்டுபவர் உயரத்தைக் கூட்டலாம், மேற்கே புங்கனோ பூவரசோ வைக்கலாம். மறுநாள் அதே நேரம் அதே இடத்தில் மறுபடி படம் எடுத்தால் மாற்றம் எண்ணாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் புதுத் தகரத்தின் உமிழ்திறன் மிகக் குறைவு. கருவி தகரத்தின் சூட்டைக் காட்டாமல் அதில் பிரதிபலிக்கும் தரையின் சூட்டைக் காட்டி, கூரை குளிர்ச்சி என்று சொல்லிவிடும். எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பை அதில் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் குறிவையுங்கள்.

கடைசியாக, யாரும் படம் எடுக்காத ஒரு மாட்டைப் பற்றி. பால் வற்றிய சினை மாட்டைப் பெரும்பாலும் கொட்டகைக்கு வெளியே, கிடைக்கிற நிழலில் கட்டுகிறோம். விசிறி கறவை மாட்டுக்கு, தெளிப்பான் கறவை மாட்டுக்கு. வற்றிய மாட்டில் குறைவதற்குப் பால் இல்லாததால் அதன் அயர்ச்சி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் இந்த மாட்டைச் சுற்றித்தான். ஈனுவதற்கு முந்தைய கடைசி வாரங்களில் சூட்டில் நின்ற பசு, குளிர்ச்சியில் நின்ற பசுவைவிட அடுத்த ஈற்றில் குறைவாகக் கறக்கிறது. அந்த வாரங்களில்தான் மடியின் சுரப்புத் திசு புதுப்பிக்கப்படுகிறது. வயிற்றில் இருந்த கன்று எடை குறைந்து பிறக்கிறது. அந்தக் கன்று வளர்ந்து பசுவாகிக் கறக்கும்போதும் பால் குறைகிறது. அதன் மகள் வரைக்கும் பாதிப்பின் தடயத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இங்கே உள்ள மாணவர்கள் யாராவது வரும் கோடையில் விடியல் படங்களை எடுக்கத் தொடங்குவதாக இருந்தால், பட்டியலின் முதல் வரிசையில் வற்றிய மாடுகளை எழுதுங்கள். கண் ஒரு படம், தலைக்கு மேல் என்ன கூரையோ அது ஒரு படம், பக்கத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் அளவு, ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை. அதை எடுக்கக் கறவை நேரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். வற்றிய மாட்டை யாரும் கறக்கப்போவதில்லை.